முகத்தோடு முகம் வைத்து வெட்டிய அறைகள்

திருப்பூர்,
12 ஜூன் 2025

அக்கா,

இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் சுகம். அப்பாவுக்கு முழங்கால் வலி பழையபடிதான். மாத்திரை போடச் சொன்னால், கிருத்திகைக்கு மலை ஏறி இறங்கினால் சரியாகிவிடும் என்கிறார். உன் சுகத்துக்கு எழுது.

போன் செய்யாதே, மெயிலில் எழுது என்கிறாய். சரி. போனில் பேசினால் நமக்கு உடனே சண்டை வருகிறது. எழுத்தில் கொஞ்சம் தாமதமாக வரும்.

நேற்று நீ சொன்னதற்குப் பதில். உங்கள் விடுதிக்கு நாங்கள் செய்யும் அறை தகர டப்பா இல்லை. பழைய கன்டெய்னரை வெட்டி ஜன்னல் வைப்பது வேறு, நாங்கள் செய்வது வேறு. இரும்புச் சட்டம், நடுவில் நுரை அடைத்த பஃப் பேனல் சுவர், மேலே இரட்டைக் கூரை. கட்டில், மேசை, விளக்கு, கை கழுவும் தொட்டி எல்லாம் இங்கேயே மாட்டிவிடுவோம். முழு அறையாக லாரியில் ஏறும். உங்கள் வளாகத்தில் கிரேன் வைத்து ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குவோம். புது விடுதி கட்டி முடிக்க மூன்று வருடம் ஆகும் என்று உங்கள் பல்கலைக்கழகமே சொல்கிறது. அதுவரைக்கும் இது. பிறகு கழற்றி வேறு இடத்துக்குக் கொண்டுபோகலாம்.

எங்கள் முதலாளி திருமூர்த்தி பனியன் கம்பெனிக்காரர்தான். ஆர்டர் குறைந்து ஊத்துக்குளி ரோட்டில் ஒரு ஷெட் காலியாகக் கிடந்தது. அதில் இதை ஆரம்பித்தார். டெண்டர் அவர் எடுத்தது. அங்கே நீ வார்டன் என்பது எனக்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது. உன் பெயரை நான் எங்கும் சொல்லவில்லை.

அம்மா உன்னை நேரத்துக்குச் சாப்பிடச் சொல்கிறாள்.

செந்தில்வேல்

*

20 ஜூன் 2025

அன்புத் தம்பிக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். அப்பாவை மலை ஏற விடாதே. அம்மாவிடம், இங்கே சாப்பாட்டுக்குக் குறைவில்லை என்று சொல்.

போன் வேண்டாம் என்றதற்குக் காரணம் சண்டை இல்லை. பழைய விடுதியில் தூண் வெடித்து, பொதுப்பணித்துறை வந்து பூட்டி சீல் வைத்ததிலிருந்து பெண்பிள்ளைகள் எல்லோரும் ஆடிட்டோரியத்தில்தான் படுக்கிறார்கள். நாற்காலிகளை எடுத்துவிட்டுப் பாய் விரித்திருக்கிறோம். அங்கே ஒருவர் மெதுவாகப் பேசினாலும் கடைசி வரிசை வரைக்கும் கேட்கிறது. மின்விசிறி உயரத்தில் சுற்றுகிறது, காற்று கீழே வருவதில்லை. உடுப்பு மாற்ற மேடைத் திரைக்குப் பின்னால் வரிசையில் நிற்கிறார்கள்.

உன் அறைகளைப் பற்றி எனக்குத் தெரிய வேண்டியது இரண்டுதான். கதவுக்கு உள்ளே தாழ்ப்பாள் உண்டா? எப்போது வரும்?

செப்டம்பர் முடியும்போது வருகைக் கணக்கை மூடிவிடுவார்கள். அதற்குள் வராதவர்களுக்கு இந்தப் பருவம் போய்விடும். பிள்ளையை வீட்டுக்கு அழைத்துப்போகக் காத்திருக்கும் பெற்றோர் நிறையப் பேர். ஒரு பருவம் போனால் அப்புறம் அந்தப் பிள்ளையை அனுப்ப மாட்டார்கள் என்பது நம் ஊரில் வளர்ந்த உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வேலைக்கு ஏற்றிப்போகக் கம்பெனி வேன் வாசலுக்கே வரும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா ஜெயபாரதி

*

திருப்பூர்,
5 ஜூலை 2025

அக்கா,

எல்லோரும் சுகம். நீயும் அப்படியே இருப்பாய் என்று வைத்துக்கொள்கிறேன்.

தாழ்ப்பாள் உண்டு. ஸ்டீல் தாழ்ப்பாள், மேலே ஒன்று, நடுவில் ஒன்று. ஆகஸ்ட் கடைசியில் வரும்.

முதல் அறை முடிந்துவிட்டது. அதை எழுதத்தான் உட்கார்ந்தேன். நான் இதைப் படித்தவன், கணக்குப் போட்டவன். ஆனாலும் திங்கட்கிழமை வெறும் சட்டமாகத் தரையில் கிடந்த இரும்பு, வியாழக்கிழமை கதவைத் திறந்து உள்ளே போனால் ஒரு வீட்டின் வாசனையோடு இருந்தது. ஜன்னலைச் சாத்தினேன். வெளியே பக்கத்து ஷெட்டில் பனியன் தைக்கும் பவர் டேபிள் வரிசை முழுக்க ஓடிக்கொண்டிருக்கிறது, உள்ளே என் மூச்சு எனக்குக் கேட்டது. சுவர் என் கை அகலம்கூட இல்லை. கொஞ்ச நேரம் வெளியே வரத் தோன்றவில்லை.

மத்தியானம் முதலாளியைக் காணவில்லை என்று தேடினோம். அந்தக் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பியதும், "ஏனுங் தம்பி, ஒண்ணு நம்ம ஊட்டுக்கும் போட முடியுங்ளா? எம்பட பையன் டிவிய அலற உடறானுங்க" என்றார்.

பனியனுக்குச் செய்வது போலத்தான் இங்கேயும். ஒரு சாம்பிள். அதை நான் பார்த்து ஓகே என்று கையெழுத்துப் போட்டேன். அதே மாதிரி மொத்தமும் ஓடும். பேனல் வெட்டுவதற்குக் கட்டிங் மாஸ்டர் மூக்கையாவைப் பக்கத்துப் பனியன் கம்பெனியிலிருந்து கொண்டுவந்திருக்கிறார்கள். உசிலம்பட்டிக்காரர், வேகமான கை. நான் இனி குழாய், வயர் வேலைக்காகக் கோயமுத்தூருக்கும் இங்கேயும் அலைய வேண்டும்.

செந்தில்வேல்

*

24 ஜூலை 2025

அன்புத் தம்பிக்கு,

இங்கே நலம். ஆடி மாதம், மலைக்காற்று பலமாக அடிக்கிறது. நீ வண்டியில் போகும்போது ஹெல்மெட் போடு.

ஹாலில் இப்போது நெரிசல் இல்லை. பாய்க்குப் பாய் நடுவில் தாராளமாக இடம் இருக்கிறது. திரைக்குப் பின்னால் வரிசையும் சீக்கிரம் நகர்ந்துவிடுகிறது.

உன்னால் எனக்கு ஒரு உதவி ஆக வேண்டும். சண்முகப்பிரியா என்று ஒரு பிள்ளை, இரண்டாம் வருடம் கணிதம். அம்மா பாண்டியம்மாள் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறார். ஆடி பதினெட்டுக்கு முன்னாலேயே வந்து அழைத்துப்போனார். அந்தப் பிள்ளை தன் புத்தகங்களை இங்கேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறது. முகவரி கீழே. முடிந்தால் ஒரு நடை போய்ப் பார். அந்த அம்மாவிடம் உன் குரலை உயர்த்தாதே.

அறைகள் எந்த மட்டில் இருக்கின்றன?

அக்கா

*

திருப்பூர்,
29 ஜூலை 2025

அக்கா,

சுகம். ஹெல்மெட் போடுகிறேன்.

நெரிசல் குறைந்தது நல்ல செய்தி. அப்படியானால் உங்களுக்கு முன்போல அவசரம் இல்லை. எனக்கும் கொஞ்சம் மூச்சுவிட நேரம் கிடைக்கும். பேனல் லோடு ஒன்று தாமதமாகிவிட்டது.

அந்தப் பெண் வீட்டுக்கு நேரம் கிடைக்கும்போது போகிறேன். திருப்பூரில் எனக்கு ஞாயிற்றுக்கிழமையே இல்லை.

செந்தில்வேல்

*

14 ஆகஸ்ட் 2025

தம்பி,

நலம்தானே? உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை.

சண்முகப்பிரியாவைப் பார்த்தாயா?

அக்கா

*

திருப்பூர்,
22 ஆகஸ்ட் 2025

அக்கா,

அப்பா, அம்மா சுகம். நான் எப்படி இருக்கிறேன் என்பதை நீ முழுக்கப் படித்துவிட்டு முடிவு செய்.

நான் எழுதாமல் இருந்ததற்குக் காரணம், எழுத ஒரு வழியும் தெரியாததுதான். அறைகளில் பாதி தலைகீழாக வந்துவிட்டன. தலைகீழ் என்றால் கூரை கீழே இல்லை. கண்ணாடியில் பார்ப்பது போல. வரைபடத்தில் எல்லா அறைக்கும் கதவு இடது பக்கம், ஜன்னல் வலது பக்கம், பின்சுவரில் குழாய் ஓட்டையும் இடது ஓரம். முடிந்த அறைகளைப் பிளாஸ்டிக் சுற்றி வைத்திருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. இரண்டை முற்றத்துக்கு இழுத்து, சுற்றியதைப் பிரித்தபோதுதான் பார்த்தேன். ஒன்றுக்குக் கதவு இடது. மற்றதுக்கு வலது.

மூக்கையாவைக் கூப்பிட்டுக் கத்தினேன். அவர் அசையவில்லை. "மூஞ்சியோட மூஞ்சி வச்சு ரெண்டு ரெண்டாத்தான சார் வெட்டுவோம்? துணிய அப்பிடித்தான விரிக்கிறது. பெயின்ட்டும் கீறாது" என்றார். துணியை அப்படி விரித்து வெட்டினால் ஒரு வெட்டில் இடது கையும் வலது கையும் கிடைக்கும். பேனலையும் அப்படியே இரண்டிரண்டாகக் கவிழ்த்து வெட்டியிருக்கிறார். இது சட்டை இல்லை, அறை என்றேன். "எனக்கு என்ன சார் தெரியும், ரூமுக்கு ரெண்டு கை கிடையாதுன்னு?" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். முதலாளி மட்டும் சிரிக்காமல், "சாம்பிள் ஓகேன்னு கையெழுத்துப் போட்டுட்டு, ஓட்டத்துல ஒரு நாளாவது பாத்தீங்ளா தம்பி?" என்று கேட்டார். நான் பார்க்கவில்லை.

உங்கள் வளாகத்தில் கழிவுநீர்க் குழிகளை ஒவ்வொரு அறைக்கும் இடது ஓரத்தில் வெட்டியாகிவிட்டது. மேல் அறைக் குழாய் கீழ் அறைக் குழாயின் நேர்மேலே வர வேண்டும். வலது அறை எதுவும் அதில் சேராது. புதுப் பேனல் வரவழைத்தால் அக்டோபர் தாண்டும். உனக்கு நெரிசல் இல்லையே, தாண்டட்டும் என்று முதலில் நினைத்தேன்.

அந்த எரிச்சலில், ஒரு வேலையாவது முடியட்டும் என்று சண்முகப்பிரியா வீட்டுக்குப் போனேன். லைன் வீடு. ஒரே அறை, அதில் நான்கு பேர். அந்தப் பெண்ணும் இப்போது கம்பெனியில் ஸ்டிக்கர் ஒட்டுகிறாள். நீ அனுப்பிய ஆள் என்றதும் முதலில் கேட்டது, "மேடம் இன்னும் கதவுகிட்டதான் படுக்குறாங்களா சார்?" என்றுதான்.

எனக்குப் புரியவில்லை. அவள்தான் சொன்னாள். ஆடிட்டோரியக் கதவுக்கு உள்ளே தாழ்ப்பாள் கிடையாதாம், வெளியே பூட்டத்தான் முடியுமாம். தீ விபத்துக்குப் பயந்து பூட்டவும் கூடாதாம். ஒருமுறை எவனோ குடித்துவிட்டுக் கதவைத் தள்ளியதிலிருந்து நீ வாசலுக்குக் குறுக்கே போர்வையை விரித்துப் படுக்கிறாயாம். கதவைத் திறக்கிறவன் உன்மேல்தான் இடிக்க வேண்டும். பாய்க்குப் பாய் தாராளமாக இடம் என்று எழுதினாயே, அத்தனை பேர் ஊருக்குப் போய்விட்டார்கள் என்றும் அவள்தான் சொன்னாள். நான் அதை நல்ல செய்தி என்று உனக்கே பதில் எழுதியிருக்கிறேன்.

பாண்டியம்மாள் ஒன்றுதான் சொன்னார். "படிக்க வேணாம்னு சொல்லலங்கய்யா. கதவு இல்லாத எடத்துல வயசுப்புள்ளய எப்பிடி விடுவேன்? கதவு வரட்டும், நானே கொண்டாந்து விடுறேன்."

ஷெட்டுக்குத் திரும்பி எல்லா அறைகளையும் எண்ணினேன். இரண்டிரண்டாக வெட்டியதால் இடதும் வலதும் சரிபாதி. ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை. தரையில் சாக்பீஸால் வரைந்து பார்த்தேன். வலது, இடது, வலது, இடது என்று மாற்றி மாற்றி வைத்தால் இரண்டு அறைகளின் குழாயும் ஒரே இடத்தில் முதுகைக் காட்டி நிற்கும். இரண்டுக்கும் ஒரே குழி போதும். மேல்தளமும் அப்படியே உட்காரும். நான் திட்டம் போட்டிருந்தால்கூட இப்படி வந்திருக்காது. சாக்பீஸை வைத்துக்கொண்டு வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

ஆனால் உங்கள் பக்கம் குழிகளை மாற்றி வெட்ட வேண்டும். முடியுமா?

செந்தில்

*

24 ஆகஸ்ட் 2025

தம்பி,

சுகம். படத்தை உடனே அனுப்பு. குழியை நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஒப்பந்தக்காரர் ஜெபக்குமாரிடம் பேசினேன். வெட்டின குழியை மூடி மறுபடி வெட்டுவதா என்று முகத்தைத் தூக்கினார். அவரை ஆடிட்டோரியத்துக்குக் கூட்டிக்கொண்டுபோய், அவர் மகள் வயதுப் பிள்ளைகள் திரைக்குப் பின்னால் நிற்பதைத் தூரத்திலிருந்து காட்டினேன். நாளை காலை பொக்லைன் வருகிறது.

போனவர்கள் வீட்டுக்கெல்லாம் போன் செய்ய ஆரம்பித்திருக்கிறேன். செப்டம்பர் முடிவதற்குள் என்று சொல்லியிருக்கிறேன். என்னைப் பொய் சொன்னவளாக்கிவிடாதே.

வேறு எதையும் அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருக்காதே.

அக்கா

*

திருப்பூர்,
12 செப்டம்பர் 2025

அக்கா,

எல்லோரும் சுகம். நான் அப்பாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. அம்மாவிடம் சொன்னேன். அவள் அடுப்படிக்குள் போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, உனக்கு ஒரு ஜமக்காளம் வாங்கி அனுப்பலாமா என்று கேட்டாள். இனி வேண்டாம், கட்டில் போகிறது என்றேன்.

நேற்று பாண்டியம்மாளையும் மகளையும் ஷெட்டுக்கு அழைத்துவந்தேன். லாரியில் ஏற்றத் தயாராக நின்ற அறையைத் திறந்துவிட்டேன். சுமை தாங்கும் திறன், வெப்பக் காப்பு, காற்றோட்டம் எல்லாம் விளக்கலாம் என்று கையில் படத்தோடு போயிருந்தேன். பாண்டியம்மாள் மட்டும் உள்ளே போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். நாங்கள் வெளியே நின்றோம். வெகுநேரம் சத்தமே இல்லை. மகளுக்குப் பயம் வந்து, "யம்மா" என்று தட்டினாள்.

வெளியே வந்தபோது அவர் கண் சிவந்திருந்தது. "இவ்வளவும் ஒருத்திக்கா?" என்று கேட்டார். இரண்டு பேருக்கு என்றேன். "இவ தொறந்தாத்தான் தொறக்கும்?" ஆமாங்க என்றேன். "எங்கூட்லகூட இவளுக்கு அப்பிடி ஒரு கதவு கெடையாதுய்யா" என்றார். படத்தை நான் விரிக்கவே இல்லை.

சாயங்காலம் முதல் லாரி கிளம்பியது. நான் சாலையில் முன்னால் பைக்கில் போனேன், மின்கம்பி உயரம் பார்க்க. ஒரு அறை, ஜன்னலோடு, ஜன்னலுக்குத் திரையோடு, ஊத்துக்குளி ரோட்டில் மனிதர் நடக்கும் வேகத்தில் போகிறது. கம்பெனி விட்டு வரும் கூட்டம் அப்படியே இரண்டு பக்கமும் ஒதுங்கியது. யாரும் ஹாரன் அடிக்கவில்லை. டீக்கடையில் இருந்த பீகார்ப் பையன்கள் எழுந்து நின்றார்கள். ஒரு பாட்டி வண்டியைப் பார்த்துக் கும்பிட்டார். ஏன் என்று தெரியவில்லை, தேர் என்று நினைத்திருக்கலாம். நான் வண்டியை ஓரம் நிறுத்தி அது என்னைக் கடந்துபோகும்வரை பார்த்தேன். அதன் எடை எனக்குக் கிலோக் கணக்கில் தெரியும். தெரிந்தும் அப்படித்தான் பார்த்தேன்.

குழிகள் தயாரா?

செந்தில்

*

15 செப்டம்பர் 2025

செந்தில்,

குழிகள் தயார். முதல் வண்டி வந்துவிட்டது. பிள்ளைகள் வகுப்புக்குப் போக மாட்டேன் என்கிறார்கள், ஜன்னல் வழியாக எட்டிப்பார்த்தபடி நிற்கிறார்கள். வார்டன் அறையை முதலில் தயார் செய்துவிட்டார்கள். எல்லோருக்கும் ஆன பிறகு நான் போய்க்கொள்கிறேன்.

அம்மாவிடம் ஏன் சொன்னாய்?

கடைசி நாளாவது நேரில் வா.

அக்கா

*

திருப்பூர்,
29 செப்டம்பர் 2025

அக்கா,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். உன்னிடம் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பியதற்குக் கோபப்படாதே. கிரேன் வண்டி புறப்பட்டதும் நானும் அதிலேயே ஏற வேண்டியிருந்தது. தவிர, சொல்லிக்கொள்ள நீ இல்லை.

நேற்று காலையில், கட்டில் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லி நீ உன் அறைக்குள் போனாய். அதன்பிறகு நடந்த எதையும் நீ பார்க்கவில்லை. பயப்படாதே, உன் அறை கிரேன் சுற்றும் எல்லைக்கு வெளியே, அடுத்த வரிசையின் கோடியில் இருந்தது. நான் அளந்துதான் விட்டேன்.

நீ பார்க்காததை எழுதுகிறேன்.

மேல்தளத்தின் கடைசி அறைகள் மத்தியானத்துக்குள் ஏறின. நான்கு மூலையிலும் சங்கிலி மாட்டி, கிரேன்காரர் தூக்கியதும் அறை தரையை விட்டது. உள்ளே மின்விசிறியைக் கட்டிவைக்க மறந்திருக்கிறார்கள். மலைக்காற்றில் அது தானாகச் சுற்ற ஆரம்பித்தது. ஆகாயத்தில் ஒரு அறை, உள்ளே மெத்தை, மேசை, சுற்றும் மின்விசிறி. கீழே இருந்த அத்தனை பேரும் அண்ணாந்து நின்றோம். ஜெபக்குமார் தலையில் இருந்த தொப்பியைக் கழற்றினார். அறை கீழ் அறையின் மேல் உட்கார்ந்தபோது, நான்கு முளையும் நான்கு துளையில் இறங்கிய சத்தம் ஒரே சத்தமாகக் கேட்டது. அரை விரல் பிசகியிருந்தாலும் இறங்கியிருக்காது. குழாய் மூட்டைப் போய்ப் பார்த்தேன். இடதும் வலதும் ஒன்றையொன்று தேடி வந்த மாதிரி நின்றன. நான் படித்ததில் இதற்கெல்லாம் சூத்திரம் இருக்கிறது. பார்க்கும்போது சூத்திரம் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

பிறகு பிள்ளைகள் வந்தார்கள். ஊருக்குப் போனவர்களில் எல்லோரும் வரவில்லை அக்கா, சில கட்டில்கள் காலி. நிறையப் பேர் வந்தார்கள். சண்முகப்பிரியா அம்மாவோடு பஸ்ஸில் வந்து இறங்கினாள். அந்த அம்மா வாசலிலேயே தாழ்ப்பாளை இரண்டு முறை போட்டுப் போட்டுப் பார்த்துவிட்டு, அடுத்த பஸ்ஸுக்கே திரும்பிவிட்டார். ஷிஃப்ட் இருக்கிறதாம்.

எனக்கு ஒரு கவலை இருந்தது. உன் அறை இருக்கும் வரிசையைக் கடந்துதான் எல்லோரும் போக வேண்டும், வராந்தா முழுக்க இரும்புத் தகடு. இவ்வளவு பேர் பெட்டியோடு நடந்தால் என்ன சத்தம் வரும் என்று கணக்குப் போட்டு, ரப்பர் பாய் வாங்க உங்கள் அலுவலகத்துக்குக் கடிதமும் எழுதியிருக்கிறேன். அதற்குள் சண்முகப்பிரியா உன் கதவுக்கு முன் வந்து நின்றாள். வந்துவிட்டேன் என்று உன்னிடம் சொல்ல வேண்டுமாம். தட்டு என்றேன். அவள் ஜன்னல் வழியாக எட்டிப்பார்த்தாள்.

"தூங்குறாங்க சார்" என்றாள், அவ்வளவு மெதுவாக.

பின்னால் வந்தவளிடம் அவள் என்னவோ சொன்னாள். அவள் அடுத்தவளிடம் சொன்னாள். படிக்கட்டு வரைக்கும் அந்தச் சொல் போனதை நான் பார்த்தேன். ஒவ்வொருத்தியாகக் குனிந்து செருப்பைக் கழற்றினார்கள். டிரங்குப் பெட்டியை இழுக்காமல் இரண்டு பேராகத் தூக்கிக்கொண்டார்கள். நான் வராந்தாவின் கோடியில் சுவரோடு ஒட்டி நின்றேன். அத்தனை பெண்களும் வெறுங்காலோடு, வாளியும் பாயும் புத்தகமும் சுமந்து, உன் கதவைக் கடந்து தங்கள் தங்கள் அறைகளுக்குக் குடிபோனார்கள். என் காலுக்குக் கீழே இரும்பு அதிர்வது தெரிந்தது. சத்தம் மட்டும் இல்லை.

நீ எப்போது எழுந்தாய் என்று எழுது.

தம்பி
செந்தில்வேல்